ஏழாம் பக்கம்

பெரியவர் ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

அதுவரை வேகமாகத்தான் வாசித்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டினார். பேனா எண்களில் மட்டும் இறங்கியது. நூற்றிருபது ஐஸ் பாரை நூற்று நாற்பது ஆக்கினார். நான்கு லாரியை மூன்றாக்கினார். என் வாக்கியங்கள் எதையும் தொடவில்லை.

"நம்பர் தப்பா இருந்தா ஆளே தப்புன்னு அர்த்தம்மா" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மேசைக்கு இந்தப் பக்கம் நான். கீழே அவருடைய தொழிற்சாலையில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

வேதியியல் முடித்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தவள் நான். மூன்று நேர்முகத் தேர்வுகளுக்குப் போய், பதில் தெரிந்தும் பேச்சு வராமல் திரும்பியவள். பிறர் பெயரில் புத்தகம் எழுதித் தரும் வேலை இருக்கிறது என்றார் பதிப்பாளர். உன் பெயர் எங்கேயும் வராது என்றும் சொன்னார்.

எனக்குப் பிடித்ததே அதுதான்.

இந்த ஒரு அத்தியாயம்தான் பரீட்சை. பெரியவருக்குப் பிடித்தால் அவருடைய முழு வாழ்க்கையும் எனக்கு. பிடிக்காவிட்டால் வேறு ஆள்.

அவருக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். பெரியவருடைய தம்பி மகள். வளர்த்தது, படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் பெரியவர். புத்தகம் போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அக்கா.

"எங்கப்பா போனப்ப நான் தொட்டில்ல கிடந்தேன்" என்று மாடிப்படியில் வைத்து என்னிடம் சொல்லியிருந்தார். "போட்டோகூட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இதுல அப்பாவுக்குன்னு ஒரு பக்கம் வந்தா போதும்."

அந்தப் பக்கம்தான் ஏழாம் பக்கம்.

நாற்பது வருடங்களுக்கு முன் இதே ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியாக் குழாய் வெடித்தது. இயந்திர அறைக்குள் தம்பி. கதவுக்கு வெளியே அண்ணன்.

என் ஒலிப்பதிவில் பெரியவர் அதைப் பற்றிப் பேசியது மொத்தம் பதினோரு நொடி. "கதவு சாத்தியிருந்துச்சு. பயங்கர நெடி. போக முடியல. எல்லாம் சட்டுனு முடிஞ்சுபோச்சு. எழுதிக்கோம்மா."

அதை அப்படியே எழுதினேன். பதிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். "என்னம்மா, டெத் சர்டிபிகேட் மாதிரி இருக்கு? படிக்கிறவன் மூக்குல நெடி ஏறணும். காதுல ஏதாவது விழணும்."

நெடி எனக்குத் தெரியும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண் எரிய நின்றிருக்கிறேன். அதைச் சேர்த்தேன். அம்மோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதும் தெரியும். ஐஸ் தொழிற்சாலையில் தண்ணீருக்கா பஞ்சம்?

அதைச் சேர்க்கவில்லை.

காதுக்காக ஒரு வரி போட்டேன். யாரும் சொல்லாதது. நானாக இட்டுக்கட்டியது.

'உள்ளிருந்து தம்பி மூன்று முறை கதவைத் தட்டினான். பிறகு சத்தம் இல்லை.'

பெரியவரின் பேனா அந்த வரியில் இறங்கியது. முதலில் லேசாகத்தான் ஓடியது. நின்றது. கீழே இயந்திரமும் நின்றிருந்தது. பிறகு ஒரு கோடு. தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி, வரியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை.

"என்ன பெரியப்பா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. கதை விட்டிருக்கா. சினிமா பார்த்து வளர்ந்த பொண்ணு, வேற என்ன வரும்?" சிரித்தார். "மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவளே முழுசும் எழுதட்டும்."

தாள்களை என் பக்கம் தள்ளினார். ஏழாம் பக்கம் மேலாக இருந்தது. பார்த்தேன்.

நிமிர்ந்தபோது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோபம் இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களின் பார்வை. மூன்று முறை அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா கையை நீட்டினார். "அந்தப் பக்கத்தக் கொடேன். அப்பா பத்தி அப்படி என்னதான் எழுதியிருக்கன்னு பார்த்துட்டுத் தரேன்."

தாளை நான்காக மடித்தேன். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"அடிச்ச தாள் எதுக்குக்கா? அது நானா கற்பனையில சேர்த்த வரி. நல்ல பிரதியா எடுத்துட்டு வந்து தரேன்."

குரல் நடுங்கவில்லை. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யும் இல்லை.

"சமத்து" என்றார் பெரியவர். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அக்கா நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். "சரி. சட்டுனு போயிட்டார்னு மட்டும் மறக்காம எழுதிடும்மா. கடைசி வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லித்தான் எங்கம்மா மனசத் தேத்திக்கிச்சு."

எழுதுகிறேன் என்று தலையாட்டினேன்.

மடித்த தாளில், அந்தக் கோட்டுக்கு அடியில், இன்னொரு திருத்தம் இருந்தது. கோடு போடுவதற்கு முன்பு போட்டது. எண் தப்பாக இருந்தால் பொறுக்காத கை, பழக்கத்தில் செய்தது. 'மூன்று முறை' என்பதை மட்டும் அடித்து, அதற்கு மேலே பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

இருபது நிமிடம்.