பத்து நிமிட மீன்

“நான் பஸ் இறங்கி நடந்து வர்றதுக்குள்ள மீன் வெந்துடுமா?” என்று கணவன் அவளிடம் ஒருநாள் கேட்டான்.

அன்றிலிருந்து, “இறங்கிட்டேன்” என்று அவன் போன் செய்ததும், எண்ணெயில்லாமல் இஞ்சி, எலுமிச்சையோடு மீனை ஆவியில் வைப்பாள். பத்தே நிமிடத்தில் மீனும் வெந்துவிடும், அவனும் வந்துவிடுவான்.

இன்று நான்காவது நிமிடமே நனைந்துகொண்டு வாசலில் நின்றான்.

“பறந்து வந்தீங்களா?”

“மழைம்மா. ஓடி வந்தேன்.”

“நெஞ்சுவலிய வெச்சுக்கிட்டு ஓடலாமா? பார்க்குலயே ஒதுங்கி நின்னிருக்கலாமே!”

வாய் தவறிவிட்டது. வேலை போன மூன்று மாதமாக, ஆபீஸ் போவதுபோல் கிளம்பி, அவன் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பூங்காவில்தான் பொழுதைக் கழிக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவன் மானம் போகக்கூடாதென்றுதான் தெரியாதவளாக இருந்தாள்.

“உட்காருங்க, இதோ வெந்துடும்...”

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அவன் மழையில் இறங்கிப் போனான்.