சூடாகாத போன்

பழைய போனுக்கு பேட்டரி மாற்ற வேண்டும் என்று வந்தவளின் கக்கத்தில், பிரிக்காத புதுப் போன் ஒன்று பெட்டியோடு இருந்தது.

மெக்கானிக்குக்கு அங்கேயே பொறி தட்டியது.

புதுசைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது பழசுக்கு வைத்தியம் பார்ப்பார்களா? இரண்டில் ஒன்று அவளுடையது இல்லை. எது என்பதுதான் தெரியவில்லை.

போன வருடம் இப்படித்தான் ஒருத்தன் அழாக்குறையாகப் பேசி ஒரு போனைத் திறந்து தரச் சொன்னான். இவனும் மனம் இளகித் திறந்து கொடுத்தான். அது திருட்டுப் போன். ஒரு பகல் முழுக்கக் காவல் நிலைய பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்னொரு தடவை மாட்டினால் கடைக்குப் பூட்டுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து சில்லுகளைப் பார்க்கிற பூதக்கண்ணாடி வழியாகத்தான் மனிதர்களையும் பார்க்கிறான்.

"லாக் எடுங்கம்மா."

அவள் விரலை வைத்தாள். திறந்துகொண்டது. சரி, பழசு அவளுடையதுதான்.

"அப்ப அந்தப் பெட்டி?"

"வீட்டுக்காரர் வாங்கினது. இன்னைக்குச் சாயந்திரம் எல்லாத்தையும் இதுக்கு மாத்தித் தரேன்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள பழசே நல்லா ஓடுதுன்னு நான் காட்டணும்."

ஆசையாக வாங்கிக் கொடுத்ததை வேண்டாம் என்கிற மனைவி. சந்தேகம் போகவில்லை. இடம் மாற்றி உட்கார்ந்துகொண்டது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். இந்த வருடம் வந்த ப்ராசசர். அதைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டான். நகத்தைவிடச் சின்ன சில்லு. அதை ஓர் ஊர் என்றே நினைத்துக்கொள்வான். கோடிக்கணக்கான கதவுகள் ஒரே நேரத்தில் திறந்து மூடுகிற ஊர். ஒரு கதவுகூடச் சத்தம் போடாது.

"பத்து வேலையை ஒண்ணா குடுத்தாலும் மூச்சு வாங்காதும்மா. எப்பவும் ஜில்லுனு இருக்கும்."

"சூடே ஆகாதா?"

"ஆகவே ஆகாது." ஏதோ தானே செய்து வைத்ததுபோலச் சொன்னான்.

அவள் முகம் வாடிவிட்டது.

"அண்ணா, பேட்டரிய மட்டும் மாத்துங்க. சூடாகறத சரி பண்ணிடாதீங்க."

பதினோரு வருடத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. சூடாகிறது, நின்று நின்று ஓடுகிறது என்று திட்டிக்கொண்டே வருகிறவர்களால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. இவள் ஒன்று மறை கழன்றவளாக இருக்க வேண்டும், இல்லை பெரிய காரியக்காரியாக இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்க வாயெடுத்தான்.

அவள் கை உயர்ந்து அவனை நிறுத்தியது. மேஜைமேல் கிடந்த போனின் முதுகில், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

பிறகு, இதுவரை பேசாத ஒரு குரலில், கலகலப்பாக ஆரம்பித்தாள்.

"அந்த நீலக் கவரக் காட்டுங்க. ஐய, அது சீக்கிரம் அழுக்காயிடும். பச்சை இருக்கா?"

கடையில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. அவன் கவரே விற்பதில்லை.

அவள் கண்கள் மட்டும் கெஞ்சின.

"பச்சை... அடுத்த வாரம் வரும்மா," என்றது அவன் வாய், அவனைக் கேட்காமலே.

இல்லாத கவருக்கு இரண்டு பேரும் பேரம் பேசினார்கள். அவள் பாதி விலைக்குக் கேட்டாள், அவன் கட்டுப்படியாகாது என்றான். பேச்சோடு பேச்சாக அவனும் போனைத் தொட்டுப் பார்த்தான். திரை இருண்டு கிடந்தது. அழைப்பு இல்லை, பாட்டு இல்லை. முதுகு மட்டும் கொதித்தது.

நாலைந்து நிமிடத்தில் சூடு இறங்கியது. அவளே போனை அணைத்து வைத்தாள். பழைய குரல் திரும்பி வந்தது.

"வீட்டுக்காரர் இது வழியா ஒட்டுக் கேக்கறப்ப சூடாகும்ணா. ஆறியிருக்கிற நேரமா பாத்துத்தான் அக்காவக் கூப்பிடுவேன். அவ வீட்டுக்கே போயிடப் போறேன். இன்னும் பத்து நாள்தான். அதுவரைக்கும் இது ஓடினா போதும்."

அவன் போனைக் கையில் எடுத்தான். பின்மூடியின் விளிம்பில் சூடு காட்டி நெம்பினான். உடனே வந்துவிட்டது. கம்பெனி பசை இவ்வளவு சுலபத்தில் விடாது.

பேட்டரியின் மேல் கறுப்பு மையில் ஒரு தேதி. ஐந்து மாதத்துக்கு முந்தியது. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு.

இந்தத் தெருவில் ஏழு என்ற எண்ணை அப்படிப் போடுகிற மெக்கானிக் அவன் ஒருத்தன்தான்.

அன்று வந்தவர், முழங்கைவரை சட்டையை மடித்துவிட்ட ஒரு மனிதர். அதிர்ந்து பேசாதவர். அம்மாவின் போன் இது, பேட்டரி மாற்ற வேண்டும் என்றார். அம்மாவுக்கு மறதி நோய், எங்கேயாவது போய்விடுகிறார், யாரிடமோ பேசுகிறார், தூரத்திலிருந்தே கவனித்துக்கொள்ள ஏதாவது ஆப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இவன் மனம் இளகிப் போட்டுக் கொடுத்தான். போன வாரம் அவர் வெறுங்கையோடு மறுபடி வந்தார். போன் சூடாகிறது, அம்மா மிரள்கிறார் என்றார்.

பழைய சில்லு இவ்வளவு வேலையைத் தாங்காது சார், புது ப்ராசசர் உள்ளதை வாங்கிக் கொடுங்கள், உள்ளே ஓடுவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று இவன்தான் சொன்னான். மாடல் பெயரைக்கூட ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான்.

"என்னண்ணா பாக்கறீங்க?" அவள் மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இத முன்னாடி யாராவது திறந்திருக்காங்களா?"

அதற்குள் அவன் கட்டைவிரல் தேதியின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.