முதுகில் ஒரு மிளகு

"முதல்ல எவ்வளவு பெருசா இருந்துச்சு சார்?" என்று அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா கேட்டார்.

"மிளகு அளவுதான்னு எங்க வீட்டுக்காரி சொன்னா, போன மாசம்."

கட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் குறுகி உட்கார்ந்திருந்தார் அவர்.

நட்டு, போல்ட்டு விற்கும் கடையில் வேலை. இருபத்தாறு வருஷ அனுபவம். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல்காரர். தொலைந்துபோன திருகாணி எத்தனை பெரிது என்று விரலால் காட்டினால் போதும், டப்பாவுக்குள் கையை விட்டுச் சரியானதை எடுத்துப் போட்டுவிடுவார். விரலால் காட்டுகிறவர்கள் எல்லோருமே ஒரு சுற்று பெரிதாகத்தான் காட்டுவார்கள் என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருந்த ரகசியம். மனசுக்குள் ஒரு சுற்று குறைத்துக்கொள்வார். ஒரு நாளும் தப்பியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தன்னுடைய இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று தெரியாது. நாற்காலியில் சாய்ந்தால் உறுத்துகிறது, அவ்வளவுதான் தெரியும். மேலே இருந்து கையை விட்டாலும் எட்டாது, கீழே இருந்து விட்டாலும் எட்டாது. வீட்டில் இருக்கிற கண்ணாடி முகம் பார்க்கத்தான் காணும். முதுகு விஷயத்தில் இன்னொருத்தர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

டாக்டரம்மா முன்னால் வந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து அளவு காட்டினார்.

பழக்கதோஷத்தில் அவர் ஒரு சுற்று குறைத்துப் பார்த்தார். அப்போதும் எலுமிச்சம்பழம்.

ஒரு மிளகையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்திருந்தால் வெறும் கொழுப்புக் கட்டி, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று அனுப்பிவிடுவேன் என்றார் டாக்டரம்மா. ஒரே மாசத்தில் இப்படி என்றால் சும்மா விட முடியாது, நாளைக்கே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும்.

கத்தி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. சவரம் செய்துகொள்ளப் போனாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்கிற ஆள்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

மிளகு அளவு என்று அவள் சொன்னது பொய்யில்லை. முதுகு தேய்த்துவிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, ஈரக் கையால் பளாரென்று ஒரு தட்டும் தட்டினாள். ஆனால் அது ஏழு வருஷத்துக்கு முன்னால். அந்த மாசக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் வேறு ஊர், வேறு கடை. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. வீட்டில் தேடுவாள் என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் கடையிலிருந்து கிளம்புவார். அவள் இல்லை என்று இதுவரை ஒருத்தரிடமும் அவர் வாயால் சொன்னதில்லை.

இப்போது சொன்னால் கட்டி சின்னதாகிவிடும். வீடு பெரிதாகிவிடும். அந்த வீட்டுக்குள் தனியாகப் போக அவருக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதுவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். போன மாசம்தானா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"போன மாசம்தாங்க. இன்னிக்குக் காலையிலகூடப் பார்த்துட்டு, இன்னும் போய்க் காட்டலையான்னு ஒரு சத்தம் போட்டா."