முப்பத்தாறு வீட்டுக் காவல்

பின்கட்டில் குந்தியபடி, இடது கை ஆள்காட்டி விரலில் பப்பாளிப் பாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார் தேசப்பன். சுண்ணாம்பு போட்டுப் பார்த்தாயிற்று. நகத்தோரத்துக் கறுப்பு அசைவதாக இல்லை.

தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக வந்த அவர் மனைவி ரஞ்சிதம் நின்று பார்த்தாள்.

"இன்னா பாவா, வெரலை இந்தத் தேய் தேய்ச்சுகினு கீற?"

"சாயம்டி. நூலு நனைக்கச் சொல்ல ஒட்டிக்கினுது."

"நந்தியாத்துல ஊத்து தோண்டித் தோண்டி எனுக்கு வெரலே தேஞ்சு போச்சு. நீ சாயத்துக்கு அழுவுறியா?" என்றபடி அவள் உள்ளே போனாள்.

சாயமில்லை. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தல் மை.

அதுதான் வினை. தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரும்வரை ஒருவரும் ஓட்டுப் போடுவதில்லை என்று, நெசவாளர் தெருவின் முப்பத்தாறு வீட்டாரையும் முருகன் மலைப்படியில் நிறுத்திக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தவரே அவர்தான். யாரும் நழுவிவிடக் கூடாதென்று, ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூட வாசலில் காவலும் போட்டிருந்தார். ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரக் காவல், குடும்பத்தோடு.

அன்று அவர் முறை உச்சி வெயிலில் வந்திருந்தது. ரஞ்சிதம் தண்ணீருக்குப் போயிருந்ததால் தனியாகத்தான் நின்றார். தன் கட்சிக்காரர் நூலிழையில் தோற்றுவிட்டால் என்ற நினைப்பு அரிக்கத் தொடங்கியது. மற்றவர்கள் யாரும் போடப்போவதில்லை. ஒரே ஒரு ஓட்டுத்தானே, முருகன் கண்டுகொள்ள மாட்டான்.

உள்ளே போய்த் திரும்ப மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

மாலை ஓட்டுப்பதிவு முடிந்ததும் தெருவே பள்ளிக்கூட வாசலில் கூடியது. இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தேசப்பன் ஒரு கல்லின்மேல் ஏறினார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டோம்! நம்ம கட்டுப்பாட்டைக் கேட்டு மெட்ராஸே ஆடிப்பூடும்!"

ரஞ்சிதம் மட்டும் படபடவென்று கை தட்டினாள். வேறு ஒருவரும் தட்டவில்லை. எதிர்வீட்டுக் கங்காதரன் கைகளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பெண்கள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

தேசப்பன் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினார். தெரிந்துவிட்டதோ?

"இன்னாய்யா கங்காதரா, வாயே தொறக்க மாட்டேன்ற?"

"ஆங்... ரொம்ப சந்தோஷங்க," என்றார் கங்காதரன், கையை வெளியே எடுக்காமலே.

அந்த நேரம் பார்த்து, முத்திரை வைத்த பெட்டியோடு தேர்தல் அதிகாரி வெளியே வந்தார். கூட்டத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பதினாறு வருஷ சர்வீஸுல இப்படி ஒரு தெருவை நான் பார்த்ததில்லைங்க!"

தேசப்பன் கல்லிலிருந்து குதித்தார். "நேரமாச்சு, நீங்க கெளம்புங்க சார்."

"கிளம்பறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்," என்று அதிகாரி வாக்காளர் பட்டியலைப் பிரித்து, அதில் விரலை ஓட்டினார்.

"ரஞ்சிதம்னு ஒரு அம்மா மட்டும் ஓட்டுப் போட வரலியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"