சுவரோரத்து ஈரம்

ரப்பர் தோட்டப் பள்ளி வேலையை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்து உடையப்பன் வாத்தியாருக்குப் பதினொரு நாள் ஆகிறது. வெயில் ஏறும்வரை தூங்க வேண்டும், பிறகு கிந்தா ஆற்றில் தூண்டில் போட வேண்டும். முப்பது வருடமாக அவர் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

ஒருநாள்கூடத் தூங்க முடியவில்லை. தினமும் பள்ளி தொடங்கும் நேரத்தில், கூடத்துச் சிமெண்டுத் தரையில் சுவரோரமாக ஏழு ஈரத்தடங்கள் வருகின்றன. துடைத்தால் மறுபடி ஊறுகின்றன. மழை இல்லை. கூரையும் ஒழுகவில்லை.

“தரையைக் கொத்திப் போடச் சொல்லுங்க,” என்றாள் மனைவி நவமணி.

“கொத்தினாலும் விடமாட்டாங்க.”

“யாரு?”

அவர் துணியைப் பிழிந்தார்.

அன்று காலை, துணி வாங்க ஈப்போ வந்த பழைய தோட்டத்துக் கங்காணி சன்னாசி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“தரை துடைக்கத்தான் வேலைய விட்டீங்களா, வாத்தியாரே?”

சிரித்தவர் தரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தடங்கள் சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிந்தன. பனிப்புல்லில் நனைந்து வரும் பிள்ளைகள் உயரவாரியாக உட்கார்ந்து எழுந்த இடம்போல் இருந்தது.

“புது வாத்தியார் எப்படி?” என்று நவமணி பேச்சை மாற்றினாள்.

“நல்லவருதான். பேரு கூப்பிடுறப்ப முப்பத்தொன்னோட நிறுத்திடுறாரு.”

“முப்பத்தொரு புள்ளைங்கதானே இருக்காங்க?”

“ஆமாக்கா. காய்ச்சல்ல செத்த ஏழு புள்ளைங்க பேரையும் நம்ம வாத்தியார்தான் தினமும் சேர்த்துக் கூப்பிடுவாரு.”