பக்கத்து நாற்காலிக்கு ஆள் உண்டு

"இங்க ஆள் வருது," என்று சொல்லி காளிதாஸ் பக்கத்து நாற்காலியில் தன் துண்டை விரித்துப் போட்டார்.

இடம் கேட்ட கொழும்பு அம்மணி முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள். நாலு சனிக்கிழமையாக இதே பதில்தான். நாலு சனிக்கிழமையும் அந்த நாற்காலியில் ஒரு காக்கா குருவிகூட வந்து உட்காரவில்லை.

இது ஐந்தாவது, கடைசிச் சனிக்கிழமை.

எஹலியகொடைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் இருந்த பழைய துரை பங்களா ஹோட்டலாகிவிட்டது. இரண்டாயிரத்து மூன்றில் அதன் புல்வெளியில் பிற்பகல் கச்சேரிகள் நடந்தன. மைக் கிடையாது, கரண்டில் ஓடும் வாத்தியம் கிடையாது. ஒரு வாரம் சிங்கள வண்டிக்காரப் பாட்டு, ஒரு வாரம் மட்டக்களப்பு நாட்டுப்பாட்டு. வாராவாரம் முக்தார் கித்தாரோடு உட்கார்ந்து, அமெரிக்காவில் பருத்திக்காட்டுக் கறுப்பர்கள் பாடிய துயரப் பாட்டுகளைப் பாடுவார். நரைத்த தாடிக்காரர், ஏற்பாடு எல்லாம் அவருடையதுதான்.

முடிவில் அரை மணி நேரம் காளிதாஸின் தப்பு மேளம்.

தப்புக்கு எதற்கு மைக்? காய்ந்த ரப்பர் இலையைக் கொளுத்திக் காய்ச்சி எடுத்தால், ஓடைக்கு அப்பால் எதிர்மலைக் கீழ் டிவிஷன் லயத்து வீடுகள்வரை கேட்கும்.

அங்கேதான் தம்பி ராமச்சந்திரன் இருக்கிறான்.

ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. பிழை காளிதாஸ்மேல்தான், அதை அவரே ஒப்புக்கொள்வார். மகள் சுதர்ஷினி கல்யாணத்துக்குப் பெருமைக்காக இரத்தினபுரியிலிருந்து பேண்ட் செட் பிடித்தார். அண்ணன் மகளுக்கு அடிக்கவென்று ராமச்சந்திரன் புதுவேட்டி கட்டி, தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தபோது பந்தலுக்குள் ஆர்கன் அலறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, ஓரமாக நிற்கச் சொன்னார் காளிதாஸ்.

"இனிமே ஒன் சாவுக்குத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் தம்பி. சொன்ன சொல்லில் நின்றான்.

காளிதாஸ் ஆள் விட்டுப் பார்த்தார். தானே போய் வாசலில் நின்றும் பார்த்தார். கதவு திறக்கவில்லை. சாவுக்கு வந்து என்ன புண்ணியம், வந்தது தனக்குத் தெரியவா போகிறது என்று பல நாள் தனியே கிடந்து அழுதிருக்கிறார்.

இந்த நாலு வாரமும் அவர் அடித்ததெல்லாம் கொழும்புக்காரர்களுக்காக அல்ல. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு, காமன் கூத்து அடி, திருவிழா அடி, கல்யாண அடி என்று எல்லாவற்றையும் எதிர்மலையைப் பார்த்தே அடித்தார். அண்ணன் கை தம்பிக்கும் தம்பி கை அண்ணனுக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். கேட்டிருப்பான். ஆனால் வரவில்லை.

இன்று காளிதாஸ் எழும்பப் போகும் நேரத்தில் முக்தார் கித்தாரைக் கீழே வைத்தார். கடைசி நாள்தானே, தானும் கொஞ்சம் தப்படித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது.

காளிதாஸ் எதிர்மலையைப் பார்த்தார். பிறகு தப்பை முக்தார் தோளில் மாட்டிவிட்டுக் குச்சிகளைக் கையில் கொடுத்தார். சுலபமான அடி ஒன்று இருக்கிறது என்றார். நிதானமாக மூன்று, கொஞ்சம் நிறுத்தி ஒன்று.

முக்தார் அடித்தார்.

வேலியோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லயத்துச் சனம் காளிதாஸைத் திரும்பிப் பார்த்தது. அவர்களோடு இருந்த காளிதாஸின் மனைவி இராஜம் தாலியைக் கையால் பிடித்துக்கொண்டு பதறி எழுந்தாள். காளிதாஸ் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் தனக்குப் பூசை உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

நிறுத்த வேண்டாம், இன்னும் பலமாக அடியுங்கள் என்று முக்தாரிடம் சைகை செய்தார். கொழும்புக்காரர்கள் தலையை ஆட்டி ரசித்தார்கள். அந்த அம்மணி கண்ணையே மூடிக்கொண்டாள்.

கால்மணி நேரம் ஆயிற்று. முக்தாருக்கு வேர்த்து ஊற்றியது. காளிதாஸ் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடைப் பாலத்திலிருந்து ஏறிவரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கும் வராவிட்டால் இனி எதற்கும் வரமாட்டான்.

பாதையில் ஒருவன் ஓடிவந்தான். சட்டை இல்லை. ஒரு காலில்தான் செருப்பு.

"அண்ணே... அண்ணே..." என்று கதறிக்கொண்டு அண்ணன் லயத்துப் பக்கம் ஓடப் பார்த்தவன், சத்தம் பங்களாவிலிருந்து வருவது புரிந்து திரும்பினான். யாரோ ஒரு தாடிக்காரர் தப்படிப்பதைப் பார்த்தான். அவர் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

முக்தாரின் கை தானாக நின்றது.

மூன்றும் ஒன்றுமாக முக்தார் அடித்தது சாவுச் சேதி. இந்த மேல்மலையில் அதை அடிக்கிறவர் காளிதாஸ் ஒருவர்தான். சாவு விழுந்த வீட்டுக்காரர் தப்பைத் தொடுவதில்லை. அன்றைக்கு மட்டும் வேறு ஆள்தான் அடிக்க வேண்டும். மேல்மலையில் வேறு கை சாவு அடித்தால் அது யார் வீட்டுச் சாவு என்று ராமச்சந்திரனுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை.

"சாவுக்குத்தான் வருவேன்னியேடா," என்றார் காளிதாஸ். "நான் வேற என்னா செய்வேன்?"

நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ராமச்சந்திரன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான். அண்ணன் கையிலிருந்த தேநீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முக்தாரை மேலும் கீழும் பார்த்தான்.

"இப்பிடி அடிச்சா," என்றான், "பொணமே எந்திரிச்சு உக்காந்துரும்."