சொந்த வாக்கியம்

ஆண் குரல்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

மரகதத்தின் எண்தான். மரகதம் வாட்ஸப்பில் வைத்திருக்கும் சாமந்திப்பூ படம்தான். குரல் மட்டும் மரகதத்துடையது இல்லை.

காலையில் அவள் தன் மாணவிகளுக்கு அனுப்பிய சொல் ‘பர்மனன்ட்’. நிரந்தரமான. கூடவே, எப்போதும்போல் ஓர் எடுத்துக்காட்டு: ‘எனக்கு நிரந்தரமான வேலை கிடைத்தது.’

கிடைக்கவில்லை. அதனால்தான் வீட்டிலிருந்தபடி வாட்ஸப்பில் ஆங்கில வகுப்பு. பெண்களுக்கு மட்டும், தினம் ஒரு சொல்.

வகுப்புக்கு ஒரே சட்டம். புத்தக வாக்கியம் கூடாது, சொந்த வீட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அப்போதுதான் சொல் மனதில் ஒட்டும் என்பது அவள் கட்சி. கூச்சப்படுவார்கள் என்று, குரல் பதிவாகத் தனியே அனுப்பச் சொல்லியிருந்தாள்.

மற்றவர்கள் மாமியாரையும் பூனையையும் வைத்து ஒப்பேற்றினார்கள். தாராபுரத்து மரகதம் மட்டும் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

‘ரேர்லி’, அபூர்வமாக. ‘நான் அபூர்வமாகத்தான் வாசலுக்கு வருவேன்.’

சபாஷ் என்று பதில் போட்டாள்.

‘கான்ஃபிஸ்கேட்’, பறிமுதல் செய்வது. ‘என் கணவர் என் ஆதார் கார்டைப் பறிமுதல் செய்தார்.’

கஷ்டமான சொல், தடங்கல் இல்லாமல் வந்திருக்கிறது. இரண்டு சபாஷ்.

‘அவுட்சைட்’, வெளியே. ‘அவர் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டுவார்.’

அன்றைக்கு உச்சரிப்பைத் திருத்தினாள். கிசுகிசுக்காதே மரகதம், சத்தமாகச் சொல்லிப் பழகு என்றும் சொன்னாள்.

இப்போது இந்த ஆண் குரல். இன்றைய சொல்லுக்கு இன்றைய வாக்கியம். நிதானமான, நல்ல ஆங்கிலம்.

‘மரகதம் நிரந்தரமாக வகுப்பை விட்டுப் போய்விட்டாள், டீச்சர்.’

பதிவு அதோடு முடியவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவன் மறந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு கதவு தட்டப்படுகிறது. உள்ளிருந்து. மெதுவாக, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்பதுபோல.

பதிவை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள்.

ஒரு பெண் இத்தனை நாளும் தன் வீட்டை வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். டீச்சரம்மா மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மரகதத்தை அழைத்தாள். போன் அதற்குள் அணைக்கப்பட்டிருந்தது.

பெண்கள் உதவி எண்ணுக்கு அடித்தாள். முழங்கை பட்டு பீன்ஸ் தட்டு தரையில் கொட்டியது. நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். எடுத்த பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“நம்பரை வச்சுத் தேடச் சொல்றோம் மேடம், ஆனா நேரமாகும். அட்ரஸ் தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்துல ஏதாச்சும் அடையாளம் சொன்னாலும் போதும். உடனே ஆள் அனுப்பிடலாம்.”

அடையாளம்.

மரகதம் சொல்லியிருக்கிறாள். போன வாரம். அன்றைய சொல் ‘ஆப்போசிட்’, எதிரே. ‘எங்கள் வீட்டுக்கு எதிரே’ என்று ஆரம்பித்த வாக்கியம். முதல் தடவையாகச் சத்தமாக. அதையே மறுபடியும் ஒரு முறை, இன்னும் சத்தமாக.

வாட்ஸப்பில் மேலே தள்ளிப் பார்த்தாள். இன்றைய பதிவு மட்டும் இருந்தது. திருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவது அவள் வழக்கம். போனில் இடம் போதாது.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

கண்ணை இறுக்க மூடினாள். அன்றைக்குத் தான் அனுப்பிய பதில் ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது.

‘அருமை மரகதம்! இப்போதுதான் காதில் விழுகிறது. ஆனால் ஒரு முறை சொன்னால் போதும்.’

எதிரே என்ன என்பது மட்டும் வரவில்லை.